கிடாரத்தில் கட்டிய அன்டெனா

போன சனிக்கிழமை பின்னேரம், ஒஸ்லோவின் ஹொல்ம்லியாவில் எங்கள் வீட்டுப் பல்கனியில் நின்று ஒரு ஐஸ்கிரீம் டப்பாவோடு சண்டை பிடித்துக்கொண்டிருந்தேன்.

"பிடியடா... பிடி... உனக்கு இண்டைக்கு என்ன வந்தது?"

கீழே நாயோடு போன நோர்வேஜியப் பெண்மணி நின்று அண்ணாந்து பார்த்தார். கையசைத்தேன். அவரும் அசைத்தார். நாய்தான் குரைத்தது.

டப்பாவுக்குள் ஐஸ்கிரீம் இல்லை. தமிழ் வீட்டில் ஐஸ்கிரீம் டப்பாவுக்குள் எப்போது ஐஸ்கிரீம் இருந்தது? மீன்குழம்பு இருக்கும், இல்லையென்றால் கறிவேப்பிலை இருக்கும். எங்கள் வீட்டில் இருந்தது ஒரு டியூனர். டக் டக் டக் டக்... என்று அது எதையோ தேடிக்கொண்டே இருந்தது. நிற்கிற எண்ணமே இல்லை. உள்ளே, ஸ்பீக்கரில், என் மகள் என்னைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

என்னால் பதில் சொல்ல முடியவில்லை. ஏன்? கிடாரத்தைக் கொண்டுபோய்விட்டார்கள்!

விளங்கவில்லையா? பொறுங்கள், முதலில் இருந்து வருகிறேன்.

இந்தப் பத்தியை விடாமல் வாசிக்கிறவர்களுக்கு என் ரேடியோப் பைத்தியம் தெரியும். புதியவர்களுக்காக ஒரு வார்த்தை. லில்லெஸ்ட்ரோமில் லிஃப்ட் திருத்துவது என் தொழில். மிச்ச நேரத்தில் நான் அமெச்சூர் ரேடியோக்காரன். பரீட்சை எழுதி, லைசென்ஸ் எடுத்து, முன்பின் தெரியாத மனிதர்களோடு வானலையில் கதைக்கிற கூட்டத்தில் ஒருவன். 'போனில் கதைக்கலாமே?' என்று கேட்பவர்களுக்கு இருபது வருடமாகப் பதில் தேடுகிறேன். இந்த ஓகஸ்ட்டில்தான் கிடைத்தது.

மகள் மெலனி ஒஸ்லோவில் பிறந்தவள். வசந்தத்தில் இருந்து வடக்கே, பனிக்கடல் நடுவில் ஒரு சின்னத் தீவில், வானிலை நிலையத்தில் வேலை செய்கிறாள். தீவின் பெயரை எழுத வேண்டாம் என்று கேட்டிருக்கிறாள். மரம் இல்லை, கடை இல்லை, சொந்தக்காரர் இல்லை. கொஞ்சப் பேர், இரண்டு நாய்கள், ஓயாத காற்று. ஆறு மாதத்துக்கு என்றுதான் போனாள். இப்போது 'இன்னொரு ஆறு மாதம் நிற்கிறாயா?' என்று மேலிடம் கேட்டிருக்கிறது. ஓகஸ்ட் நடுவுக்குள் அவள் பதில் சொல்லவேண்டும்.

என் மனைவி றெஜினா பதிலை ஏற்கெனவே தயாராக வைத்திருந்தாள்.

"வரச் சொல்லுங்கோ. நீங்கள் சொன்னாத்தான் கேப்பாள்."

"நீரே சொல்லுமன்."

"நான் சொன்னா 'பார்ப்பம் அம்மா' எண்டுவாள். உங்களுக்கெண்டா 'ஓம்' எண்டுவாள்."

அந்த 'ஓம்'தான் எனக்குப் பயம்.

எங்கள் அப்பாமார் பிள்ளைகளோடு போனில் கதைப்பதைக் கேட்டிருக்கிறீர்களா? 'சாப்பிட்டியோ?' 'ஓம்.' 'குளிரோ?' 'ஓம்.' 'வேலை எப்பிடி?' 'ஓம், பரவாயில்லை.' 'சரி, அம்மா நிக்கிறா, குடுக்கிறன்.' முடிந்தது. அரை நிமிடம்கூட வராது. அன்பு இல்லாமலா? அன்பு குளிர்பெட்டி நிறைய இருக்கிறது. எடுத்து வைக்கத்தான் தெரியாது.

வசந்தத்தில் இருந்து எனக்கு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. அதை மறைப்பானேன்? அவளுடைய அறைக் கதவைத் திறப்பேன், மூடுவேன். வேலையால் வந்து சப்பாத்தைக் கழற்றிவிட்டு, காரணமில்லாமல் திரும்பவும் போட்டுக்கொண்டு கீழே இறங்கி ஸ்டேஷன் வரைக்கும் நடப்பேன். "உங்களுக்குக் காலில சக்கரமோ? ஒரு இடத்தில இருங்கோவன்" என்பாள் றெஜினா. அவள் மட்டும் இருந்தாளா? ஒரே அலுமாரியை மூன்று தரம் அடுக்கினாள்.

ஓகஸ்ட் தொடக்கத்தில் மெலனியிடம் இருந்து ஒரு மெசேஜ் வந்தது. நிலையத்தில் கூட வேலை செய்கிற ஒருவரும் அமெச்சூர் ரேடியோக்காரராம். செட் வைத்திருக்கிறாராம். கடலைப் பார்த்தபடி நல்ல உயரமான அன்டெனாவாம். 'அப்பா, சனிக்கிழமை பின்னேரங்களில் நான் ரேடியோவில் இருப்பன். கூப்பிடுங்கோ.' அவளுக்கும் லைசென்ஸ் இருக்கிறது. பள்ளிக்கூடக் காலத்தில் எடுத்தது. அதற்குப் பிறகு மைக்கைத் தொட்டதில்லை.

துள்ளிக் குதித்தேன். ரேடியோவில் 'ஓம்' என்று மட்டும் சொல்லிவிட்டுத் தப்ப முடியாதே! உங்கள் முறை வந்தால் நீங்கள்தான் கதைக்கவேண்டும். முடித்து, 'ஓவர்' சொல்லி, கையை எடுத்தால்தான் மற்றவர் வாய் திறக்கலாம். குறுக்கே பாய முடியாது. அம்மாவிடம் கொடுத்துவிட்டு ஓடவும் முடியாது. கூச்சப்படுகிற அப்பாமாருக்காகவே யாரோ செய்து வைத்த விஷயம் மாதிரித்தான் எனக்குப் பட்டது.

ஆனால் அன்டெனா?

நான் கதைக்க வேண்டிய அலைவரிசைக்கு, நிமிர்ந்து நிற்கிற கம்பி ஐந்து மீட்டராவது வேண்டும். எங்கள் குடியிருப்பின் நிர்வாகக் குழுவை இங்கே 'ஸ்தீர' என்பார்கள். கூரை விளிம்புக்கு மேலே ஒன்றும் தெரியக்கூடாது என்பது ஸ்தீரவின் கட்டளை. பல்கனிக்கு வெளியே வயர் தொங்கவும் கூடாது. ஆகவே என் கம்பிக்கு இரண்டு மீட்டர்தான். பார்க்கிறவர்களுக்குத் தூண்டில் தடி.

இப்படிக் குட்டையான கம்பியை நேரே கொழுவினால் ரேடியோ ஏற்றுக்கொள்ளாது. அனுப்புகிற சக்தி திரும்பி வருகிறது என்று கண்டுபிடித்து, தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வலுவைக் குறைத்துவிடும். இங்கேதான் ஓட்டோ டியூனர் வருகிறது. ஒரு சின்னப் பெட்டி. பொத்தானை அமத்தினால் உள்ளே சுவிட்சுகள் டக் டக் என்று மாறி மாறி விழும். இந்தச் சுருளைப் போட்டுப் பார்க்கும், அதைக் கழற்றிப் பார்க்கும். இரண்டு பக்கமும் பொருந்துகிற இடம் வந்ததும் நிற்கும். திரையில் 'ஒன்றுக்கு ஒன்று' என்று காட்டும். சாதகத்தில் பத்துக்குப் பத்துப் பொருத்தம் மாதிரி. அனுப்பியது ஒன்றும் திரும்பி வரவில்லை என்று அர்த்தம்.

முதல் சனிக்கிழமை டியூனரை ரேடியோவுக்குப் பக்கத்திலேயே, ஹோலில் வைத்திருந்தேன். அமத்தினேன். டக் டக் டக். நின்றது. ஒன்றுக்கு ஒன்று! ஆகா!

கூப்பிட்டேன். பதில் இல்லை. இன்னொரு தரம் கூப்பிட்டேன். திடீரென்று, இரைச்சலுக்கு நடுவே, தெளிவாக அவளுடைய குரல் வந்தது. என் அழைப்புக்குறியைச் சொல்லி, "அப்பா, இருக்கிறீங்களோ? எனக்கு ஒண்டும் கேக்கேல்லை. ஓவர்."

"இருக்கிறன்! இருக்கிறன் பிள்ளை! ஓவர்!"

"அப்பா, இருக்கிறீங்களோ...?"

அவள் குரல் எனக்குக் கேட்கிறது. என் குரல் அவளுக்குக் கேட்கவில்லை. அவளுக்கு உயர்ந்த அன்டெனா, சுற்றிவரக் கடல். எனக்குத் தூண்டில் தடி. போனை எடுத்து 'உன்னுடையது கேட்கிறது' என்று மெசேஜ் போட்டேன். சிரிக்கிற முகம் ஒன்று பதிலாக வந்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அடுத்த நாள் கார்த்திக் வந்தான். கோயம்புத்தூர்ப் பையன். ரொம்மனில் வீடு. மென்பொருள் வேலை. இந்தியாவிலேயே லைசென்ஸ் எடுத்த ரேடியோக்காரன். நான் 'ஓம்' என்றால் அது 'ஆமா'தானா என்று அவன் இன்னும் ஒரு விநாடி யோசிப்பான். அவன் 'சூப்பரா இருக்குண்ணா' என்றால், அது பாராட்டா ஆறுதலா என்று நான் யோசிப்பேன்.

"ஒண்டுக்கு ஒண்டு காட்டுது தம்பி. பிறகேன் போகேல்லை?"

"அண்ணா, ஒன்னுக்கு ஒன்னுன்னா ரேடியோ சந்தோஷமா இருக்குன்னுதான் அர்த்தம். அலை வெளிய போகுதுன்னு யார் சொன்னா?"

எனக்குத் தெரியாத விஷயமா? நன்றாகத் தெரியும். பரீட்சையில் எழுதியே பாஸ் பண்ணியிருக்கிறேன். தெரிந்துகொண்டும், அந்தப் பச்சை எழுத்தைப் பார்த்ததும் மனம் நம்பிவிட்டது. டியூனர் கம்பியை நீட்டுவதில்லை. ரேடியோவைச் சமாதானப்படுத்துகிறது, அவ்வளவுதான். கம்பி குட்டையாக, அதற்கு எதிர்ப்பக்கமாகக் கீழே நல்ல நிலத்தொடுப்பும், அதாவது 'எர்த்'தும், இல்லாமல் இருந்தால், அனுப்புகிற சக்தியில் பெரும்பங்கு வழியிலேயே சூடாகிப் போய்விடும். திரும்பியும் வராது, போய்ச் சேரவும் சேராது. திரையில் மட்டும் எல்லாம் சுகம்.

யோசித்துப் பார்த்தால், எங்கள் வீடுகள் எல்லாவற்றிலும் இந்தப் பெட்டி இருக்கிறது. 'ஓம், சுகமாய் இருக்கிறம்' என்று காட்டுமே, அதேதான்!

திருத்த வேண்டியது இரண்டு. ஒன்று, டியூனரை ரேடியோவுக்குப் பக்கத்தில் வைக்காமல் கம்பியின் அடியிலேயே வைக்கவேண்டும். நடுவே ஓடுகிற கேபிளில் வீணாவது குறையும். மழை படாமல் இருக்கத்தான் ஐஸ்கிரீம் டப்பா. வெனிலா, இரண்டு லீட்டர். கீழேயே குந்தியிருந்து வேலை பார்க்க வசதியாக ஒரு மைக்கையும் நீள வயரில் பல்கனிக்கு இழுத்தேன்.

மற்றது நிலத்தொடுப்பு. வீடு மேல்மாடி. பூமி எங்கேயோ கீழே. வயர்களைப் பல்கனித் தரையில் விரித்துப் பார்த்தேன். உடுப்புக் காயப்போட வந்த றெஜினா தடக்கி, கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அதற்குப் பிறகு அவள் சொன்னவற்றை இந்தப் பத்திரிகை அச்சிடாது. வயர் கழன்றது.

அப்போதுதான் கண்ணில் பட்டது கிடாரம்.

எங்கள் கத்தோலிக்கத் தமிழ்ச் சனங்களுக்குச் சொந்தமான பெரிய சமையல் பாத்திரங்கள் சில இருக்கின்றன. பெருநாள், முதல்நன்மை, செத்தவீடு என்று எல்லாவற்றுக்கும் அவைதான். கோயிலில் வைக்க இடம் இல்லாததால் முறை வைத்து வீடு வீடாகப் போகும். இந்தக் கோடை எங்கள் முறை. பல்கனி மூலையில் இரண்டு அலுமினியக் கிடாரங்கள், ஆள் குந்தியிருக்கலாம், ஒன்றுக்குள் ஒன்று. பக்கத்தில் சோறு பரப்புகிற பெரிய தட்டுகள் ஒரு அடுக்கு.

"இந்த அண்டா எதுக்குண்ணா?" என்றான் கார்த்திக்.

"அண்டா இல்லை தம்பி, கிடாரம்."

"பேர் என்னவா இருந்தாலும் நல்ல அலுமினியம்ணா!"

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். கிடாரங்களைக் கம்பிக்குக் கீழே நகர்த்தினோம். தட்டுகளைச் சுற்றிவரப் பரப்பினோம். டியூனரில் இருந்து வருகிற நிலக்கம்பியை ஒரு கிளிப்பால் கிடாரத்தின் காதில் கவ்வவிட்டோம். அமத்தினேன். டக் டக். இரண்டே 'டக்'கில் நின்றது.

"கதைக்கேக்க ஒருத்தரும் கிடாரத்தைத் தொடக்கூடாது" என்று வீட்டில் சட்டம் போட்டேன்.

"சமைக்கிற சாமானுக்குக் கறண்ட் குடுக்கிற வீடு ஒஸ்லோவில இது ஒண்டுதான்" என்றாள் றெஜினா.

இரண்டாவது சனிக்கிழமை கூப்பிட்டேன். கொஞ்சம் இரைச்சல். பிறகு, "அப்பா! கேக்குது! ஐஞ்சு ஒன்பது அப்பா, ஐஞ்சு ஒன்பது! ஓவர்."

ஐந்து-ஒன்பது என்றால் என்னவென்று சொல்லிவிடுகிறேன். முதல் எண், சொல்வது எவ்வளவு விளங்குகிறது என்பதற்கு. ஐந்துதான் உச்சம். இரண்டாவது எண், சிக்னலின் பலத்துக்கு. ஒன்பது உச்சம். அதாவது பிரமாதம், பக்கத்தில் இருந்து கதைப்பது போல என்று பொருள்.

தலைகால் தெரியவில்லை எனக்கு. குட்டைக் கம்பியையும் டப்பாவையும் பற்றிச் சொன்னேன். கிடாரத்தின் விட்டத்தைச் சொன்னேன். தட்டுகளைப் பரப்பிய விதத்தைச் சொன்னேன். பின்னால் றெஜினா சைகை காட்டினாள், 'வரச் சொல்லுங்கோ, வரச் சொல்லுங்கோ!' ஓம் ஓம் என்று தலையாட்டிக்கொண்டே நிலத்தொடுப்பைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொன்னேன். சிக்னல் மங்கியது. பின்னேரம் முடிந்தது.

கொஞ்ச நேரத்தில் மெசேஜ் வந்தது. 'அப்பா, என்ன சொன்னனீங்கள்? கிடாரம் எண்டது மட்டும்தான் விளங்கினது.'

பிறகு ஏன் ஐந்து-ஒன்பது தந்தாள்? ஏன் என்றால் எல்லாரும் அதைத்தான் தருவார்கள். ரேடியோக்காரரிடையே அது ஒரு மரியாதை. ஒரு மண்ணும் விளங்காவிட்டாலும் 'ஐந்து-ஒன்பது, நன்றி, வணக்கம்' என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளிடம் போய்விடுவார்கள். நானும் எத்தனையோ பேருக்குக் கொடுத்திருக்கிறேன். மகள் அப்பாவுக்கு மரியாதை செய்திருக்கிறாள்.

"உங்களை நம்பி விட்டன் பாருங்கோ, என்னைச் சொல்லோணும்!" என்றாள் றெஜினா. அந்த இரவு கறி பரிமாறுகிறபோது அகப்பை கொஞ்சம் பலமாகவே தட்டில் இடித்தது.

நியாயமான கோபம். ஆனால் ஒன்று சொல்லட்டுமா? சொல்ல வாய்ப்பு வந்தபோது நான் கிடாரத்தைப் பற்றிக் கதைத்ததற்குக் காரணம் சந்தோஷம் மட்டும் இல்லை. 'வா' என்று சொன்னால் அவள் 'ஓம்' என்று சொல்லி வந்துவிடுவாளோ என்ற பயம்தான். எனக்கு அவள் வரவேண்டும். வீடு வெறிச்சென்று கிடக்கிறது. ஆனால் அந்த 'ஓம்' உள்ளே இருந்து வருகிறதா, மரியாதைக்கு வருகிறதா என்று எனக்கு எப்படித் தெரியும்? அதைக் காட்டுகிற மீட்டர் எந்தக் கடையில் இருக்கிறது?

அப்படியே வந்தது போன சனிக்கிழமை. திங்கட்கிழமை அவள் மேலிடத்துக்குப் பதில் சொல்லவேண்டும். அதற்கு முன் இதுதான் கடைசிச் சனி. நான் காலையில் இருந்து நடந்துகொண்டே இருந்தேன். மத்தியானம் கடைக்குப் போய், வாங்க வந்ததை மறந்து, வேறு எதையோ வாங்கிக்கொண்டு வந்தேன். கார்த்திக் வந்து காத்திருந்தான். பல்கனிக் கதவைத் திறந்தேன்.

மூலை காலி. கம்பிக்குக் கீழே காலி. கிளிப் மட்டும் தரையில் வாயைத் திறந்தபடி கிடந்தது.

"றெஜினா! கிடாரம் எங்கை?"

"கோயில் குழுவில இருந்து சூசையண்ணை வந்து ஏத்திக்கொண்டு போயிட்டார். நாளைக்கு மாதா பெருநாள் எல்லோ?"

மாதா பெருநாள்! சோற்றுப் பொறுப்புக் குழுவில் என் பெயரே இருக்கிறது. நானே மறந்திருக்கிறேன்.

"நீர் குடுத்தனீரோ?"

"பெருநாளுக்குக் கிடாரம் கேட்டா இல்லையெண்டோ சொல்லுறது? கிளிப்பைப் பார்த்திட்டு அந்த மனுசன் கேக்கிறார், 'என்ன தங்கச்சி, கிடாரத்துக்குச் சேலைன் ஏத்தியிருக்கிறியளோ?' எண்டு. எனக்கு மானம் போச்சு."

அடுத்த கணம் டியூனரை அமத்தினேன். டக் டக் டக் டக் டக்... நிற்கவில்லை. கிடாரத்தோடு பழகியிருந்த பெட்டி, கிடாரம் இல்லாமல் இரண்டு மீட்டர்க் கம்பியை என்ன செய்வது என்று தெரியாமல் தவித்தது. உள்ளே ரேடியோவில் அவள் குரல் வந்துவிட்டது. தெளிவாக, பக்கத்து அறையில் இருந்து வருவது போல.

"அப்பா, இருக்கிறீங்களோ? ஓவர்."

"கார்த்திக், உலோகம்! வீட்டில உள்ள உலோகம் எல்லாம் கொண்டா!"

அவன் ஓடினான். கேக் சுடுகிற தட்டுகள் வந்தன. இஸ்திரி மேசை வந்தது. குக்கர் வந்தது. இடியப்பத் தட்டுகூட வந்தது. ஒவ்வொன்றாகக் கவ்வவிட்டேன். டக் டக் டக். இல்லை. டப்பாவைப் பார்த்துக் கத்தினேன். நாயோடு பெண்மணி போனது அப்போதுதான்.

றெஜினா கைகட்டியபடி கதவில் சாய்ந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். இந்த ரேடியோவை அவள் ஒருநாளும் விரும்பியதில்லை. ஆனாலும் உள்ளே போனாள். திரும்பி வந்தபோது கையில் பெருநாள் சாப்பாடு சுற்றுவதற்கு வாங்கி வைத்திருந்த அலுமினியத் தாள். பெரிய சுருள்கள்.

"இது உதவுமோ?"

தங்கமே! மூவரும் முழங்காலில் நின்று தாளை விரிக்கத் தொடங்கினோம். பல்கனித் தரை முழுக்க. காற்று தூக்கியது. குக்கரை ஒரு மூலையில் பாரமாக வைத்து, கிளிப்பைத் தாளில் கவ்வவிட்டோம்.

ஸ்பீக்கரில் மெலனி மறுபடியும் வந்தாள்.

"அப்பா, நீங்கள் கதைக்கிறது எனக்குக் கேக்கேல்லை. ஆனா முதல் கிழமை மாதிரி என்ரை குரல் உங்களுக்குக் கேக்கும் எண்டு நினைக்கிறன்." கொஞ்சம் நிறுத்தினாள். "அதுவும் நல்லதுதான். அப்ப நான் சொல்லுறன். நீங்கள் இடையில ஓம் சொல்ல ஏலாது."

என் கை அந்தரத்தில் நின்றது. அதில் தாளின் ஒரு நுனி.

"எனக்கு இஞ்சை நிக்க விருப்பம் அப்பா. வேலை பெரிசா ஒண்டுமில்லை. வெளியில போறது, காத்து எவ்வளவு, குளிர் எவ்வளவு எண்டு பாக்கிறது, பதியிறது. முடிஞ்சுது. அங்கை எனக்கு எப்பவும் ஆருக்காகவோ கதைக்கிற வேலை. பத்து வயசில இருந்து. அம்மாவுக்கு நகரசபைக் கடிதம் வாசிச்சன். சூசை மாமாவோட டொக்டரிட்டப் போய் அவற்றை வருத்தத்தை நோர்ஸ்க் பாஷையில சொன்னன். மாமிக்குப் பாங்க். எல்லாருக்கும் விருப்பத்தோடதான் செய்தனான். ஆனா ஒருத்தரும், 'மெலனி, உனக்கு என்ன?' எண்டு கேட்ட ஞாபகம் இல்லை. இஞ்சை நான் எனக்கு மட்டும்தான் கதைக்கிறன். இன்னும் ஆறு மாசம் அப்பிடி இருக்கப் பாக்கிறன். அம்மாட்ட நீங்களே சொல்லுங்கோ அப்பா. நான் சொன்னா அழுவா. நீங்கள் வரச் சொன்னா நான் வருவன், அது உங்களுக்குத் தெரியும். அதாலதான் கேக்கிறன்... ஓவர்."

இரைச்சல். பல்கனியில் தாள் சரசரத்தது, டியூனர் தட்டிக்கொண்டே இருந்தது. கார்த்திக் குக்கரையே பார்த்துக்கொண்டிருந்தான், பாவம். தன் காதில் விழக்கூடாதது விழுந்துவிட்டது என்று அவனுக்குத் தெரிந்திருந்தது.

நான் றெஜினாவைப் பார்க்கப் பயந்தேன். பார்த்தேன். அழவில்லை. தாளின் மறுநுனியைப் பிடித்தபடி முழங்காலில் நின்றாள்.

"நான் பிள்ளையை அவ்வளவு கரைச்சல்படுத்தினனானோ?" என்றாள்.

இந்த நாட்டில் எங்கள் பிள்ளைகளை எங்களுக்கு வாயாக வைத்துக்கொண்டோம். வேறு வழியும் இருக்கவில்லை. வழி இல்லை என்பதற்காக அந்தப் பாரம் பாரமில்லாமல் போகுமா?

"எல்லாரும்தான்" என்றேன். "நானும்தான்."

அப்போது டியூனரின் சத்தம் நின்றது.

டக்.

திரையைப் பார்த்தேன். பொருந்தியிருந்தது. ஒன்றுக்கு ஒன்று இல்லை, ஒன்றரைக்கு ஒன்று. போதும். மைக்கைக் கையில் எடுத்தேன். அமத்த வேண்டியதுதான். என்ன சொல்வது? றெஜினா கண்ணால் ஒரு கணம் என்னைத் தடுத்தாள். திரும்பவும் 'வரச் சொல்லுங்கோ' என்பாளா?

"நிக்கச் சொல்லுங்கோ" என்றாள். "கடிதத்தை இனி நான் வாசிப்பன் எண்டும் சொல்லுங்கோ. நீட்டி முழக்காதேங்கோ. கிடாரக் கதை வேண்டாம்!"

அமத்தினேன். அழைப்புக்குறியைச் சொன்னேன். பிறகு, ஒவ்வொரு சொல்லாக, இடைவெளி விட்டு, இரண்டு தரம் சொன்னேன்.

"கேட்டது. அம்மாவுக்கும் கேட்டது. நில் பிள்ளை. அம்மாவும் நில் எண்டுறா. கடிதம் அம்மா வாசிப்பாவாம். நில். ஓவர்."

கையை எடுத்தேன். இரைச்சல். ஒன்றும் இல்லை. வீட்டில் ஓரிடத்தில் நிற்காத நான் அந்த அலுமினியத் தாளின் மேல் அசையாமல் நின்றேன். அசைந்தால் டியூனர் மறுபடியும் தேடத் தொடங்கிவிடுமோ என்று பயம். றெஜினா என் சேட்டின் நுனியைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

போகவில்லையா? இந்த முறையும் சூடாகி இங்கேயே போய்விட்டதா?

"அப்பா..."

றெஜினா உள்ளே ஸ்பீக்கர் பக்கம் திரும்பினாள்.

"அப்பா, உங்களுக்கு மூண்டு ரெண்டு. பாதி விளங்கேல்லை. ஆரோ கடிதம் வாசிக்கினம்... அது என்னெண்டு தெரியேல்லை." இரைச்சலுக்குள் அவள் சிரிக்கிறாளா அழுகிறாளா என்று எங்களுக்குப் பிடிபடவில்லை. "ஆனா 'நில்' எண்டது விளங்கினது. அம்மாவும் எண்டது விளங்கினது. தாங்க்ஸ் அப்பா. ஓவர்."

றெஜினா சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்.

"மூண்டு ரெண்டு எண்டா நல்லதோ, கூடாதோ?"

"ரொம்ப மோசம்கா" என்றான் கார்த்திக். ரேடியோக்காரன் அல்லவா, உண்மையைச் சொல்லத்தானே வேண்டும்.

மோசம்தான். இருபது வருடத்தில் உலகம் முழுக்க எனக்கு ஐந்து-ஒன்பது தந்திருக்கிறார்கள். மூன்று-இரண்டு தந்தது என் மகள் மட்டும்தான்.